மஞ்சள் வைத்த கையுறை

போன் அடித்துக்கொண்டே இருந்தது. தீர்த்தகிரி அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கனடாவிலிருந்து மாப்பிள்ளை மாதவராஜ் வீடியோவில் கூப்பிடுகிறார். பச்சை வட்டம் துள்ளுகிறது. அதை மேலே தள்ளினால் மாப்பிள்ளையின் முகம் தெரியும். தள்ள வேண்டிய தீர்த்தகிரியின் கைகளில் மெரூன் நிறத்தில் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை மாட்டியிருந்தது.

"அதக் கழட்டிட்டுத்தான் எடுங்களேன்" என்றாள் மாதம்மாள். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தாள். பாப்பாரப்பட்டியில் மாசி மாதம். பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடி, சாயங்காலம் அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது.

"கழட்டறதா? மாப்ள பாத்தா என்னா நெனைப்பாரு?"

"நீங்க போன எடுத்தாத்தான அவரு பாக்கறதுக்கு?"

நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். போன் மசியவில்லை. மாதம்மாள் கையுறையோடு வந்த அட்டையைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள். அதில் பனி பொழிந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரன் சிரித்தபடி போனைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

"ஆள்காட்டி வெரலுக்கும் கட்டை வெரலுக்கும் மட்டுந்தான் நுனியில மினுக்கு வெச்சிக்கிறான். அத வெச்சித் தள்ளுங்க."

தள்ளினார். மாப்பிள்ளை வந்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். தை மாதம் கல்யாணத்தன்று மாதவராஜ் தன் மாமனாருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். தீர்த்தகிரி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, திரும்ப அவர் கையிலேயே வைத்துவிட்டார். பெண் கொடுத்த இடத்தில் கை நீட்டக் கூடாது என்பது அவருடைய கொள்கை. மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று. "ரெண்டு நாளா அதையே நெனச்சிட்டு இருந்தாருப்பா" என்று மகள் கலைமதி பிறகு சொன்னபோது, தீர்த்தகிரிக்குத் தன் கொள்கையின் மேலேயே கோபம் வந்தது.

மறுவீட்டு விருந்து முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் அரூருக்குக் கிளம்பிப் போனார்கள். மாப்பிள்ளைக்கு மறுநாளே விமானம். அறையைக் கூட்டப் போன மாதம்மாள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். சிவப்புக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டியிருந்தது. பிரித்தால் இந்தக் கையுறை. மணிக்கட்டின் உள்பக்கம் ஓரமாக, புதுத்துணிக்கு வைப்பதுபோல மஞ்சள் தடவியிருந்தது.

அந்த மஞ்சளைப் பார்த்ததும் தீர்த்தகிரி கலங்கிவிட்டார்.

"பாத்தியா? கையில குடுத்தா வாங்க மாட்டேன்னு தலகாணிக்கடியில வெச்சிட்டுப் போயிக்கிறாரு. மஞ்ச வெச்சி, மொறையா. கனடாவுல இருந்தாலும் என்னா பழக்கம் பாரு!"

இனி தன் கொள்கையால் மகள் வாழ்க்கையில் ஒரு சுருக்கமும் விழக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தார். கலைமதிக்கு இன்னும் விசா வரவில்லை. அரூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். கணவன் மனம் கோணாமல் அவளை அழைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தன்னால் முடிந்தது, இந்தக் கையுறையை மனதாரப் போட்டுக்கொள்வது.

ஆகவேதான் இப்போது போன் திரைக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"மாப்ள, பாத்தீங்களா?"

மாதவராஜ் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அங்கே காலை நேரம்; தெருவில் நின்றிருந்தார். வீடு வீடாகப் போய் இன்டர்நெட் கனெக்‌ஷன் சரி செய்யும் வேலை அவருக்கு. பின்னால் எல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. பேசுவதற்கு முன்பே வாயிலிருந்து புகை வந்தது.

"உங்களுக்கு... புடிச்சிருக்குதுங்களா மாமா?"

"புடிக்காம? அன்னிக்கு வாட்ச திருப்பிக் குடுத்த கை மாப்ள இது. இன்னிக்கு இதக் கழட்டவே மாட்டேங்குது."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். "போட்டுக்கங்க மாமா. நல்லா போட்டுக்கங்க. ஆனா ஒண்ணு, இதப் பத்திக் கலைமதிகிட்ட மட்டும் ஒண்ணியும் சொல்லிக்காதீங்க."

போனை வைத்ததும் தீர்த்தகிரி மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். "குடுத்தத வெளிய சொல்லிக்கக் கூட மாட்டேங்கறாரு. இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்தக் கொணம்?"

அதன்பிறகு மாப்பிள்ளை வாரா வாரம் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் அவர் கண் முதலில் மாமனாரின் கைக்குத்தான் போயிற்று.

"அங்க அவ்ளோ குளிருங்களா மாமா?" என்று ஒருநாள் கேட்டார்.

குளிர் இல்லை என்றால் அந்தப் பொருளுக்கு வேலை இல்லை என்று ஆகிவிடும். பொருளுக்கு வேலை இல்லை என்றால் கொடுத்தவருக்கு மரியாதை இல்லை. தீர்த்தகிரி கணக்குப் போட்டார்.

"அத ஏன் கேக்கறீங்க? இந்த வருசம் பாப்பாரப்பட்டியே வெறைச்சிப் போய்க் கெடக்குது."

சொன்னதற்குப் பொருத்தமாக அடுத்த வாரம் மப்ளரும் சுற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கடுத்த வாரம் ஸ்வெட்டர். மின்விசிறியைப் போட்டால் மப்ளர் பறந்து குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். நெற்றியில் ஊற்றிய வியர்வையைக் கண்டு மாப்பிள்ளை பதறினார்.

"மாமா, காய்ச்சலுங்களா?"

"பனி மாப்ள. பனி உருகுது."

போன் வரும் நேரத்தில் தேட வேண்டாமே என்று கையுறையோடு கடைவீதிக்கும் போக ஆரம்பித்தார். அதில் வேறொரு தொல்லை முளைத்தது. தீர்த்தகிரிக்குக் கையில் சூடான எண்ணெய் கொட்டிவிட்டது என்று ஊருக்குள் பேச்சு பரவி, ரொட்டியும் ஆரஞ்சுப் பழமுமாக ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களிடம் மாப்பிள்ளை கொடுத்தது என்று சொல்ல முடியாது. சொன்னால் அரூர் வரைக்கும் போய்விடும். எனவே "ஆமா, கொஞ்சம் காயம்" என்று ஒப்புக்கொண்டு, வந்தவர்களுக்கு முன்னால் முனகவும் செய்தார். மாதம்மாள் ஆரஞ்சுப் பழங்களை எடுத்து உள்ளே வைத்தாள். கணவரோடு அவள் பேசுவது அந்த வாரத்தில் ரொம்பக் குறைந்துபோயிற்று.

இப்படி இருக்கையில்தான் கலைமதி போன் செய்தாள். குரல் சரியில்லை.

"அவருக்கு எம்மேல பிரியம் இருக்குதா இல்லையான்னே தெரியலப்பா."

தீர்த்தகிரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "ஏன் கண்ணு, சண்டையா?"

"சண்டை எல்லாம் இல்ல. மொத மொதல்ல நானு ஆசையா வாங்கிக் குடுத்தத ஒருநாளு கூட போட்டுக் காட்ட மாட்டேங்கறாரு. கேட்டா பேச்ச மாத்தறாரு."

என்ன பொருள் என்று அவர் கேட்கவில்லை. சட்டையாக இருக்கும் என்று அவராகவே எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்த அந்தக் காயம் மாப்பிள்ளையின் மனதில் இன்னும் ஆறவில்லை. மாமனார் மேல் இருப்பதை மகள் மேல் காட்டுகிறார்.

"இன்னும் நல்லா போடணும்டி" என்றார் மாதம்மாளிடம்.

"இதுக்கு மேல எங்க போடறது? காலுலயா?" என்றாள் அவள். ஆனாலும் அவளுக்கும் மகள்தானே. கையுறையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். வியர்வை நாற்றம் குடலைப் பிடுங்கியது. மாப்பிள்ளை பார்க்கும்போதாவது சுத்தமாக இருக்கட்டும் என்று, மஞ்சள் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அலசி, மாட்டுக்கொட்டகைப் பக்கம் கொடியில் காயப்போட்டாள்.

கன்றுக்குட்டி வலதுகை ஆள்காட்டி விரலைத் தின்றுவிட்டது.

முழுவதும் தின்னவில்லை. நுனியை மென்று, கந்தலாக்கி, மிச்சத்தைத் தொங்கவிட்டிருந்தது. தீர்த்தகிரி அதைக் கையில் ஏந்திக்கொண்டு, உண்மையாகவே காயம்பட்டவர்போல டைலர் ஆரோக்கியராஜிடம் ஓடினார்.

ஆரோக்கியராஜ் மறுநாள் வேலையை முடித்துக் கொடுத்தார். தைத்த இடம் நன்றாகத்தான் இருந்தது; மெரூன் நூல் தீர்ந்துபோனதால் பச்சை நூலில் தைத்திருந்தார்.

"கெட்டியா போட்டுக்கிறேங்க. ஆயுசுக்கும் பிரியாது. நுனியில என்னமோ கம்பியாட்டம் மினுமினுன்னு இருந்திச்சி. வெரல்ல குத்துமேன்னு சுத்தமா உருவிட்டேன். அந்தக் கட்ட வெரல்லயும் இருந்திச்சி. சும்மா வுடுவனா? ரெண்டு கையிலயும் பாத்துப் பாத்து உருவிட்டேன்."

அந்த வாரம் போன் அடித்தபோது எந்த விரலுக்கும் அது அசையவில்லை. ஆள்காட்டியைத் தேய்த்தார், கட்டைவிரலை அழுத்தினார், நாக்கில் தொட்டுத் தொட்டு வைத்தார். மணி நின்றுவிடும்போல் இருந்தது. மாமனார் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று மாப்பிள்ளை நினைத்துவிட்டால்? தீர்த்தகிரி குனிந்து மூக்கால் தள்ளினார்.

மாதவராஜ் தன் மாமனாரின் மூக்குத் துவாரங்களை முதல்முறையாக முழுமையாகப் பார்த்தார்.

"மாமா... என்னாச்சி?"

"கும்புட்டேன் மாப்ள."

அன்றைக்கு மாப்பிள்ளை அவசரமாகப் பேசினார். விரல்கள் சிவந்திருந்தன. ஒரு கையை அக்குளில் வைத்துக்கொண்டு மறு கையில் போனைப் பிடித்திருந்தார். சற்று நேரத்துக்கு ஒருமுறை கையை மாற்றினார். வேலை அதிகம்போல என்று தீர்த்தகிரி நினைத்துக்கொண்டார்.

"மாமா, ஞாயித்துக்கிழமை அம்மா அங்க வர்றாங்க. அக்கா கொழந்த காதுகுத்துக்குச் சொல்றதுக்கு. கலைமதியும் கூட வர்றா. நீங்க ஒண்ணு பண்ணணும். அந்த கிளவுஸ மட்டும் அன்னிக்கு கண்டிப்பா—"

படம் உறைந்தது. வாய் திறந்தபடியே மாப்பிள்ளை நின்றார். பிறகு லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை.

"கேட்டியா?" என்றார் தீர்த்தகிரி. "கண்டிப்பா போட்டுக்கணுமாம். அவங்கம்மா கண்ணால பாக்கணும்னு ஆசைப்படறாரு. நான் மரியாதையா வெச்சிக்கிறனா இல்லையான்னு தெரிஞ்சிக்க ஆள அனுப்பறாருடி."

மாதம்மாளுக்கும் அப்படித்தான் பட்டது. அவள் பெட்டியைத் திறந்து அவருக்குப் பட்டுவேட்டி எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நெருப்பாகக் கொட்டியது. சம்பந்தியம்மா மணிமேகலையின் கார் வாசலில் வந்து நின்றபோது, தீர்த்தகிரி பட்டுவேட்டி, மப்ளர், ஸ்வெட்டர் சகிதமாக நின்றிருந்தார். கையுறை மாட்டிய இரு கைகளையும் நெஞ்சுக்கு நேராக உயர்த்திக் கூப்பினார். பச்சை நூல் விரல் தனியாக நிமிர்ந்து நின்றது.

"வாங்க சம்மந்தி. வா கண்ணு."

மணிமேகலை அந்தக் கைகளைப் பார்த்ததும் "அய்யய்யோ" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே சட்டென்று மருமகளுக்கு முன்னால் வந்து மறைத்து நின்றாள். ஆனால் கலைமதி ஏற்கெனவே பார்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இறங்கியவளின் முகம் மாறியது. மாமியாரைத் தாண்டி வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். மணிக்கட்டைத் திருப்பி, உள்பக்கம் மடித்துப் பார்த்தாள். மஞ்சள் அப்படியே இருந்தது.

"இது எப்படிப்பா உங்கிட்ட வந்துச்சி?"

மாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு தீர்த்தகிரியின் நினைவுக்கு வந்தது. ஆனால் மகளின் கண் முன்னால் பொய் வரவில்லை. "மாப்ளதான் கண்ணு குடுத்தாரு. மஞ்ச வெச்சி, மொறையா."

"மஞ்ச வெச்சது நானுப்பா." அவள் அந்த மஞ்சளை விரலால் தேய்த்தாள். "அங்க குளிருல வெறுங்கையோட போனு பாக்கறாரேன்னு, கடை கடையா தேடி நான் வாங்குனது இது. மொத மொதல்ல குடுத்தது. அதத் தூக்கி உங்கிட்ட குடுத்துட்டாரா?"

தீர்த்தகிரி தன் கைகளைப் பார்த்தார். மகளின் வாழ்க்கையில் எந்தச் சுருக்கம் விழக் கூடாது என்று இத்தனை நாள் வெந்து சாகக் கிடந்தாரோ, அந்தச் சுருக்கத்தைத் தன் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். கையுறையைக் கழற்றப் பார்த்தார். வியர்வையில் ஒட்டிக்கொண்டு அது வரமாட்டேன் என்றது. உள்ளே போன் அடித்தது. மாப்பிள்ளைதான். எடுப்பதற்கு யாருக்கும் தோன்றவில்லை.

மணிமேகலை மருமகளைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடி குடுத்தான் அவன்? அவசரத்துல தலகாணிக்கடியில மறந்துட்டுப் போயிட்டான். திருப்பிக் கேளுடான்னா, 'மாமா மொத தடவையா எம்பொருள ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிறாரு, கேக்க மாட்டேம்மா'ன்னு அந்தப் பனியில வெறுங்கையோட நிக்கறான்."