எண்பதுக்கு மேல் ஏற்றாதவர்

சார்ஜ் காப்பவர் என்கிற ஜீவன் உங்கள் வீட்டில் இல்லையென்றால் எதிர் வீட்டில் இருப்பார். அங்கேயும் இல்லையென்றால், அலுவலகத்தில் உங்களுக்குப் பின்னால் இருக்கும் பிளக் பாயின்டை முறைத்தபடி உட்கார்ந்திருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்திருப்பீர்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், உங்கள் போனின் மேல் மூலையைப் பார்ப்பார். "நூறா? நூறு வரைக்குமா ஏத்துறீங்க?" என்பார், கைக்குழந்தைக்குக் காரம் ஊட்டுகிறவரைக் கேட்பதுபோல. அவரிடம் பவர் பேங்க் இருக்கும். ஒன்றல்ல, மூன்று. ஆனால் அவசரத்துக்குக் கேட்டுவிடாதீர்கள். அவசரத்துக்குக் கொடுக்கவா அவர் அவற்றை வைத்திருக்கிறார்?

இந்த இனத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மேற்பார்வையாளர். அங்கே எல்லோரும் அவரை எண்பதார் என்றுதான் சொல்வார்கள். பேட்டரி உள்ள எந்தப் பொருளையும் எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற விடமாட்டார், இருபதுக்குக் கீழே இறங்க விடமாட்டார். சட்டைப் பையில் இருக்கும் போனுக்கு வெயில் ஆகாது என்று, தெருவில் நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே போவார். அதற்காக இரண்டு முறை சாலையைக் கடக்கவும் தயங்க மாட்டார். வீட்டிலேயே குளுமையான அறையில், அலமாரியின் கீழ்த்தட்டில், மூன்று பவர் பேங்குகளும் பாதி சார்ஜோடு, தனித்தனித் துணியில் சுற்றப்பட்டு, வாங்கிய தேதி ஒட்டப்பட்டு உறங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுப்பி, சார்ஜ் பார்த்து, குறைந்திருந்தால் கொஞ்சம் ஊட்டி, மறுபடி தூங்க வைப்பார்.

"நாலு வருஷம் ஆச்சு. இன்னும் புத்தம் புதுசு!"

"எடுத்தாத்தானேங்க பழசாகும்" என்பார் மனைவி. அவர் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். நாள் முழுக்க வாயைத் திறந்தவர்களோடு பழகிப் பழகிப் பொறுமை வந்துவிட்டது. "நல்லவேளை, சாப்பாட்டுத் தட்டுக்குப் பேட்டரி இல்ல. இருந்திருந்தா என்னையும் எண்பதுல எழுப்பி விட்டிருப்பார்."

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எண்பதார் சொல்வதில் பொய் கிடையாது. சூடு ஆகாது, முழுக்க ஏற்றிப் போட்டு வைப்பது நல்லதல்ல, அடியோடு தீர விடுவது அதைவிட மோசம், எல்லாம் சரிதான். சரியாகப் பேசுகிறவரிடம்தானே நாம் வசமாக மாட்டிக்கொள்கிறோம்?

அப்படி மாட்டிக்கொண்டவர் அவருடைய மாமியார். எழுபத்து மூன்று வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். "யார் வேணும்? லைன்லயே இருங்க" என்று சொல்லிச் சொல்லியே குரல் தேன் மாதிரி ஆகிவிட்டவர். குரல் அப்படியே இருக்கிறது. காதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டது. மகள் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு, சார்ஜ் போடுகிற காது மெஷின் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார்கள். சின்னப் பெட்டிக்குள் வைத்தால் சார்ஜ் ஏறும். பச்சை விளக்கு எரியும். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு, "அட, இந்த வீட்டுல இவ்வளவு சத்தமா?" என்று அந்த அம்மா குழந்தை மாதிரி சிரித்தார்.

பச்சை விளக்கைப் பார்த்ததும் எண்பதாருக்கு உள்ளே ஏதோ விழித்துக்கொண்டது.

மறுநாள் பிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஏறியது. காலை ஏழு முதல் ஒன்பது, மாலை ஆறு முதல் ஒன்பது: பேச்சு நேரம். மற்ற நேரமெல்லாம் மெஷினுக்கு ஓய்வு.

"அத்தை, பகல்ல வீட்டுல யாருமே இல்ல. சும்மா மாட்டிக்கிட்டு எதைக் கேக்கப் போறீங்க? அணைச்சு வெச்சா பேட்டரி இன்னும் ரெண்டு வருஷம் சேர்த்து உழைக்கும்."

"சரி மாப்பிள்ளை" என்றார் மாமியார். மாப்பிள்ளை தனக்காக மெனக்கெட்டு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாரே என்று அவருக்குச் சந்தோஷம்தான். நான்கு மாதம், பகல் முழுவதும், பஞ்சு அடைத்த மாதிரி ஒரு வீட்டில் தனியாக இருந்தார்.

இப்படி இருக்கையில் ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி. மாமியாரின் போன் மேஜைமேல் அதிர்ந்தது. தெரியாத எண். எடுத்துக் காதில் வைத்தால், யாரோ ஒரு பெண் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல முணுமுணுப்பு. தினமும் வருகிற விற்பனைக்காரர்களில் யாரோ என்று நினைத்து, முப்பது வருஷத் தொழில் பழக்கத்தில் மிகத் தெளிவாக, மிக மரியாதையாகச் சொன்னார்: "எங்களுக்கு எதுவும் வேண்டாங்க. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க." வைத்துவிட்டார்.

கூப்பிட்டது அவருடைய கூடப் பிறந்த தங்கை. ஒரு கல்யாண வீட்டில் யார் யாரை முதலில் "வா" என்று கேட்கவில்லை என்பதில் தொடங்கி, ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத தங்கை. நம்பரைத் தேடிப் பிடித்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு, "அக்கா, நான்தான்" என்று சொன்னதற்குக் கிடைத்த பதில் அது.

மாலை ஆறரைக்கு எண்பதாரின் மனைவிக்கு அழைப்பு வந்தது. "உங்கம்மா என்னை 'வாங்க போங்க'ன்னு மூணாம் மனுஷி மாதிரி பேசி வெச்சுட்டா. நல்லா இருக்கட்டும். உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்" என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார் சித்தி. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

விஷயத்தைக் கேட்ட மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவளா? அவளா கூப்பிட்டா?" "ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தேன். என் தங்கச்சி லைனை நானே அறுத்துட்டேனே."

மனைவி பிரிட்ஜ் பக்கம் போய் அட்டவணையைக் கிழித்தார். மாமியார் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எண்பதாருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பால்கனிக்குப் போய்த் தன் போனிலிருந்து சித்தியைக் கூப்பிட்டார். இருபத்து மூன்று சதவீதம்.

மூன்றாவது முறை சித்தி எடுத்தார்.

"நீங்க எதுக்கு நடுவுல?"

"சித்தி, தப்பு என்னோடது. அத்தைக்கு நீங்க பேசினது காதுலயே விழல. மெஷினைக் கழட்டி வைக்கச் சொன்னது நான்தான்."

"கழட்டி வைக்கவா? எதுக்கு?"

"பேட்டரி... ரொம்ப நாள் உழைக்கணும்னு."

சித்தி கேட்டார்: "எங்கக்காவுக்கு எழுபத்தி மூணு வயசு. அந்தப் பேட்டரிக்கு என்ன வயசு?"

"நாலு மாசம், சித்தி."



"போனை அவகிட்ட குடுங்க."

ஓடிப்போய்க் கொடுத்தார். "அக்கா" என்ற சத்தம் அவருக்கே வெளியில் கேட்டது. அதன்பிறகு அக்காவும் தங்கையும் மாறி மாறி அழுதார்கள், சண்டை போட்டார்கள், நடுநடுவே சிரித்தார்கள். போன் பத்தொன்பதானது. பதினொன்றானது. எண்பதார் தன் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார்: பேசிக்கொண்டிருக்கும் போனிலேயே சார்ஜரைச் சொருகினார். அது சூடாகத் தொடங்கியது. நேற்றைய செய்தித்தாளை மடித்து, மாமியார் காதருகே நின்று போனுக்கு விசிறினார். மாமியார் தனக்குத்தான் வியர்க்கிறது என்று மாப்பிள்ளை விசிறுகிறார் என நினைத்து, "போதும், உக்காருங்க" என்றார்.

ஒன்றரை மணி நேரம் ஆனபோது, "மாப்பிள்ளை, இந்தக் காதுல டிங் டிங்குன்னு சத்தம் வருது."

"சார்ஜ் தீரப் போகுது அத்தை. தீரட்டும். நீங்க பேசுங்க."

ஒரு காது தீர்ந்ததும் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு பேசினார்.

அடுத்த வாரம் தங்கை நேரிலேயே வந்து நான்கு நாள் தங்கினார். மாமியார் இப்போது எழுந்தது முதல் படுக்கும்வரை மெஷினோடுதான் இருக்கிறார். எண்பதார் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். சித்தியின் போன் வந்த நாளிலிருந்து நூறிலேயே நிற்பதைப் பார்த்ததும் பொறுக்காமல், சூடு, சதவீதம், ஆயுள் என்று ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது நிமிடம் மாமியார் மெல்லக் கையைத் தூக்கிக் காதிலிருந்த மெஷினை அணைக்கப் போனார்.

"என்ன அத்தை?"

"முக்கியமான பேச்சு எதுவும் இல்லையே. பேட்டரி மிச்சமாகட்டும் மாப்பிள்ளை."

நீங்கள் ஏதோ கேட்க வாயெடுப்பது தெரிகிறது. அன்று அவ்வளவு சூட்டில் சார்ஜ் ஏற்றிய போனின் பேட்டரி இப்போது எப்படி இருக்கிறது, அதுதானே? ஆறு வருஷம் பேசாத அக்காவும் தங்கையும் என்ன பேசினார்கள் என்று கேட்க உங்களுக்குத் தோன்றவே இல்லை. பயப்படாதீர்கள், பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு உங்களை நினைத்தால்தான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.