மூன்றடுக்குக் கேக்கும் நாலு ஷாக் அப்சார்பரும்

ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட் அசைய மறுத்தது. வெர்லின் தன் பழைய டிரக்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். துரு உதிர்ந்து அவர் கண்ணில் விழுந்ததே தவிர, போல்ட் விழவில்லை.

மறுநாள் கவுண்டி கண்காட்சி, அந்த மாவட்டத்துக்கே திருவிழா மாதிரி. அவர் மனைவி ஆர்டிஸ் மூன்றடுக்குத் தேங்காய்க் கேக்கோடு போட்டிக்குப் போக வேண்டும். போன வருஷம் அவள் மடியில் வைத்துக்கொண்டு போன கேக், இந்த டிரக் குதித்த குதியில் நெடுஞ்சாலையைத் தொடுவதற்குள் சரிந்து, மேலடுக்கு அவள் பாவாடையில் குடியேறிவிட்டது. இந்த வருஷம் பக்கத்துப் பண்ணை எமிலின் புது வண்டியில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். வெர்லினுக்கு அது பொறுக்கவில்லை.

"வண்டி என்ன பண்ணும், ரோடு அப்படி" என்றும் அவளேதான் சொன்னாள். வீட்டிலிருந்து நெடுஞ்சாலை வரை மூன்று மைல் சரளை ரோடு, மழைக்குப் பிறகு வரிவரியாக எழும்பிக் கிடந்தது. வெர்லின் ஒத்துக்கொள்ளவில்லை. ரோடு கவுண்டி நிர்வாகத்துடையது, டிரக் தன்னுடையது. கையில் இருப்பதைத்தானே சரிசெய்ய முடியும்? நாலு புது ஷாக் அப்சார்பர் வாங்கி வந்துவிட்டார். மெக்கானிக்கிடம் விடலாமே என்று அவள் சொன்னதற்கு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார். சொந்த டிரக்கை அடுத்தவனிடம் கொடுத்து ரிப்பேர் செய்துகொள்கிறவனை அந்தப் பக்கத்துச் சர்ச்சில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

வயல் வழியாக எமில் வந்து சேர்ந்தார். யாராவது வண்டிக்கு அடியில் படுத்திருந்தால் பீரோடு போய் நின்று யோசனை சொல்வது அங்கே ஒரு மரியாதை. ஸ்பானரில் குழாயை மாட்டி இழுக்கச் சொன்னார். ஸ்பானர் வழுக்கி, போல்ட்டின் தலை மழுங்கியது. சுத்தியலால் தட்டச் சொன்னார். கட்டைவிரல் வீங்கியது. கடைசியில் நெருப்பு வைத்துக் காய்ச்சச் சொன்னார்.

"காய்ச்சினா இளகிடும்டா."

இளகியது. கூடவே போல்ட்டைச் சுற்றியிருந்த ரப்பர் புஷ்ஷும் கருகி, முற்றம் முழுக்க நாறியது.

மத்தியானம் எமிலை க்ரீம் ருசி பார்க்கச் சொல்லி ஆர்டிஸ் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அந்த நேரம் பார்த்து, மரங்களுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் ஏதோ பெரிய இயந்திரம் உறுமிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தது. புழுதி வந்து வெர்லினின் மூக்கில் ஏறியது. என்ன சத்தம் என்று படுத்தபடியே கேட்டார்.

"யாரோ வைக்கோல் ஏத்திட்டுப் போறாங்க. நீ வேலையப் பாரு" என்று அடுப்படி ஜன்னலிலிருந்து ஆர்டிஸின் பதில் வந்தது.

சாயங்காலம் நாலு பழைய ஷாக் அப்சார்பரும் கழன்றன. எமில் வீட்டுக்குப் போனதும் வெர்லின் புதுசைத் தூக்கிப் பொருத்திப் பார்த்தார். ஒரு சாண் நீளம் அதிகம். நாலும் அப்படித்தான். கடைக்காரன் நாலு சக்கர டிரைவா, ரெண்டு சக்கர டிரைவா என்று கேட்டது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கடையில் எமில் பக்கத்தில் நின்றதால் பெருமைக்கு வாய் தானாக 'நாலு' என்று சொல்லியிருந்தது. அவர் டிரக்கில் இன்ஜின் இழுப்பதோ ரெண்டு சக்கரத்தைத்தான்; நாலையும் இழுக்கிற உயரமான வண்டிக்குத்தான் அந்த நீளம்.

கடை மூடியிருக்கும். வேறு வழியில்லாமல், கருகின புஷ்ஷோடு பழையதையே திரும்ப மாட்டினார். புதுசு வெள்ளை நிறம் என்பதால் பழையதுக்கும் வெள்ளை பெயின்ட் அடித்தார். புதுசைக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் புதைத்தார். தன்னை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஆர்டிஸ் குனிந்து பார்த்தாள். பளபளவென்று இருக்கிறது என்றாள். நாளைக்கு உன் வண்டியிலேயே வருகிறேன் என்றும் சொன்னாள். வெர்லின் பெயின்ட் டப்பாவைக் காலால் பின்னுக்குத் தள்ளினார்.

மறுநாள் காலையில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். வெர்லின் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளப்பினார். கண் முழுக்கக் கேக்கின் மேல்தான். நாற்பது வருஷமாக ஓட்டுகிற ரோட்டை யார் பார்ப்பார்கள்? டிரக் குதிக்கவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போனது. மூன்று மைலும் கேக்கின் மேலிருந்த ஒரு தேங்காய்த் துருவல்கூட நகரவில்லை.

"சொன்னதச் செஞ்சுட்டியே" என்று அவள் அவர் முழங்கையைத் தட்டினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கேக்குக்கு இரண்டாம் பரிசு, சிவப்பு ரிப்பன். வெர்லின் எமிலை ஓரங்கட்டி, ஷாக் அப்சார்பரைக் கழற்றி மாட்டுவதில் உள்ள சூட்சுமங்களை விளக்க ஆரம்பித்தார். எல்லாம் இறுக்குகிற பக்குவம்தான் என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார். எமில் எதையோ அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.

அப்போது கவுண்டி ரோடுகளைப் பராமரிக்கிற ராஸ்கோ, மீசையில் தேங்காய்த் துருவலோடு வந்து வெர்லினின் தோளைத் தட்டினான்.

"என்னப்பா வெர்லின், நேத்து உங்க ரோட்டைச் சமன் பண்ணினேனே, எப்படி இருக்கு? நீ வண்டிக்கு அடியிலேருந்து எந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சிடணும்னு ஆர்டிஸ் எனக்குத் தனியா ஒரு கேக் குடுத்துச்சு."