மீன் தெரியாத தட்டு

முதலில் ஒரு விடுகதை. காலில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போகும். போகும்போதும் வயிறு நிறைந்திருக்கும், வரும்போதும் வயிறு நிறைந்திருக்கும். அது என்ன?

என் மகள் நெஸ்மா இதை என்னிடம் போட்டபோது, "பழமொழி" என்றேன். தப்பு என்றாள். ஏழு வயதுப் பெண்ணிடம் தோற்பது சுலபமில்லை. எனக்குப் பழகிவிட்டது.

விடையை யோசித்துக்கொண்டே வாருங்கள். வழியில் கிடைத்துவிடும்.

எகிப்தில், தமியாத் நகரின் நைல் ஆற்றங்கரையில் எனக்கு ஒரு பெயின்ட் கடை. படகுகளுக்குப் பூசும் பெயின்ட். டப்பாவுக்கு ஒரு பழமொழி இலவசம். தகுதிக்கு மீறிப் பெரிய படகு கட்ட ஆசைப்படுபவனிடம், "போர்வை அளவுக்குக் காலை நீட்டு" என்பேன். எங்கோ மட்டமான பெயின்ட் வாங்கி ஏமாந்துவிட்டு என் பெயின்ட்டையும் முகர்ந்து பார்ப்பவனிடம், "சூப்பில் வாய் சுட்டவன் தயிரையும் ஊதுவான்" என்பேன். சிரித்துவிட்டு வாங்கிப் போவான். பழமொழி என்பது என்ன? முன்னால் போனவன் தான் விழுந்த பள்ளத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போயிருக்கிறான். பின்னால் வருகிறவன் அந்தக் குச்சியைப் பார்த்து நடந்தால் போதும். நான் குச்சிகளை மதிப்பவன்.

என் துன்பம் சுவரில் இருந்தது.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் ஒற்றைச் செங்கல். அந்தப் பக்கம் மீன்வலை விற்கும் வக்தி, அவன் மனைவி தஹானி, மகன் ஹாதிம். ஊர் வழக்கப்படி அவர்களுக்கு நான் அபூ நெஸ்மா, அதாவது நெஸ்மாவின் அப்பா; எங்களுக்குத் தஹானி உம்மு ஹாதிம், ஹாதிமின் அம்மா. வக்திக்கு என்னைவிட ஒரு பழமொழிகூட அதிகம் தெரியாது. ஆனால் பழமொழியை ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. பாதியில் நிறுத்தி, கேட்பவரை ஏங்கவிட்டு, ஒரு மூச்சு விட்டுப் பிறகுதான் முடிக்க வேண்டும். அந்த ஒரு மூச்சுக்குள் வக்தி புகுந்துவிடுவான்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளை. வீட்டில் யார் சொல்வது நடக்க வேண்டும் என்று என் மனைவி இன்ஷிராஹுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

"இங்க பாரு இன்ஷிராஹ். ரெண்டு பேர் சுக்கான் புடிச்ச படகு..."

மூச்சு விட்டேன்.

"மூழ்கும், அபூ நெஸ்மா! மூழ்கும்!" என்றது சுவர்.

நெஸ்மா சிரித்தாள். இன்ஷிராஹ் சிரிக்கவில்லை, ரொட்டியால் வாயை மறைத்துக்கொண்டாள். அது இன்னும் மோசம்.

அந்த நிமிடமே முடிவு செய்தேன். வீடு மாறுவது.

"புது தமியாத்துல, கடலைப் பாத்த மாதிரி, அஞ்சாவது மாடி. என் பெரியப்பா மகனோட வீடு. லிஃப்ட் இருக்கு. சுவரு ரெட்டைச் செங்கல். நானே தட்டிப் பாத்துட்டேன்."

"சரி," என்றாள் இன்ஷிராஹ்.

அவ்வளவுதான். சண்டைக்கென்று நான் எடுத்துவைத்திருந்த பழமொழிகள் எல்லாம் வீணாயின.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நெஸ்மா பிறந்தபோது இன்ஷிராஹ் கடுங்காய்ச்சலில் கிடந்தாள். ஒரு பக்கம் தன் கைக்குழந்தை ஹாதிமையும் மறுபக்கம் எங்கள் நெஸ்மாவையும் போட்டுக்கொண்டு பால் கொடுத்தவள் தஹானி. எங்களிடையே பால் கொடுத்தவளும் தாய்தான். ஹாதிம் நெஸ்மாவுக்கு உடன்பிறந்தவன். வீடு மாறினால் இன்ஷிராஹ் எதை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதை அவள் எடுத்துப் பேசியிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அவள் பேசவில்லை. ஒரு தட்டைப் பற்றி மட்டும்தான் பேசினாள்.

"கிளம்பறப்ப அடுத்தவங்க பொருளைக் கையில வெச்சுக்கிட்டுப் போகக் கூடாதுல்ல?"

"கூடவே கூடாது."

"உம்மு ஹாதிமோட தட்டு ஒண்ணு நம்மகிட்ட இருக்கு."

"குடுத்துடு."

"வெறுந்தட்டாவா?"

எனக்குக் காது சூடானது. பக்கத்து வீட்டுத் தட்டை வெறுமனே திருப்புவதா? எங்கள் ஊரில் அதற்குப் பதிலாக அவர்கள் முகத்தில் கதவை அறைந்து சாத்தலாம்.

"வெறுந்தட்டுன்னு நான் சொன்னேனா? எதையாவது வெச்சுக் குடு."

விடுகதைக்கு விடை உங்களுக்குக் கிடைத்திருக்கும். எனக்கு அப்போதும் கிடைக்கவில்லை.

நீலக் கரை போட்ட தட்டு அது. நடுவில் ஒரு மீன் வரைந்திருக்கும் என்று நெஸ்மா சொல்வாள். நான் அந்த மீனைப் பார்த்ததில்லை. நான் பார்க்கும்போதெல்லாம் தட்டில் ஏதாவது நிறைந்திருக்கும். அன்று முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டிய மஹ்ஷி போனது. மறுநாள் அதே தட்டில், பாகு சொட்டச் சொட்ட, சுருள் சுருளாக மிஷப்பிக் வந்தது.

"என்ன இது?"

"நாம கிளம்பறோம்ல. வாய் இனிச்சுப் போகட்டும்னு குடுத்தாங்க."

"சரி. சாப்டுட்டுத் தட்டைத் திருப்பிடு."

"வெறுந்..."

"போதும்."

பாலாடைக்கட்டி வைத்த அடை போனது. வறுத்த மீன் வந்தது. பேரீச்சம்பழ ரொட்டி போனது. அத்திப்பழம் வந்தது. லாரிக்கு வியாழக்கிழமை சொல்லியிருந்தேன். அன்று தட்டு எங்கள் வீட்டில் இருந்தது. சனிக்கிழமைக்கு மாற்றினேன். அன்றும் இருந்தது.

"என்னண்ணே, வீட்ல ஏதாவது சாவா?" என்று கேட்டான் லாரிக்காரன்.

"தட்டு இருக்கு."

அவனும் தமியாத்துக்காரன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இன்ஷிராஹிடம் பொருமினேன். "நல்லதைச் செஞ்சு கடல்ல போடு, திரும்பி வரும்னு பாக்காதேன்னு சொல்லுவாங்க. செஞ்சதுக்கு ஏன் திருப்பித் திருப்பிச் செய்யறாங்க?"

"நல்லதைக் கடல்ல போடலாம். அடுத்த வீட்டுத் தட்டைப் போட முடியுமா?"

யோசித்தேன். நீண்ட நேரம் யோசித்தேன். ஒரு வழி தென்பட்டது. முதலில் சாமான்கள் அனைத்தையும் லாரியில் ஏற்றிவிடுவது. எல்லாரும் ஏறி உட்கார்ந்து, வண்டி உறுமத் தொடங்கிய பிறகு, நிறைந்த தட்டைத் தஹானி கையில் கொடுத்துவிடுவது. அவள் உள்ளே போய் எதையாவது நிரப்பிக்கொண்டு வருவதற்குள் நாங்கள் பாலத்தைத் தாண்டியிருப்போம்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஏற்றத் தொடங்கினோம். "சமையலறையை மட்டும் நான் பாத்துக்கறேன், நீங்க தொட வேண்டாம்," என்றாள் இன்ஷிராஹ். பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டில், பீரோ, பாய், பெட்டி எல்லாம் ஏறின. நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். வண்டி உறுமியது. நெஸ்மா தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏறும்மா, ஏறு ஏறு!"

அவள் காலைத் தூக்கி வைப்பதற்குள் தஹானி வந்துவிட்டாள். கையில் அதே தட்டு. மேலே துணி. துணிக்கு மேலே ஆவி.

"வழியில பசிக்குமேன்னு ஈரல் சோறு அப்பவே பண்ணி வெச்சிருந்தேன், அண்ணே. தட்டை மட்டும் மாத்தினேன்," என்று என் மடியில் வைத்தாள்.

விடுகதையின் விடை என் மடியில் சூடாக இருந்தது. இதோடு அஞ்சாவது மாடிக்குப் போனால், இதை நிரப்பிக்கொண்டு திரும்பி வர வேண்டும். வந்தால் மறுபடி எடுத்துக்கொண்டு போக வேண்டும். நான் இன்ஷிராஹைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.

என்னிடம் கடைசியாக ஒரு குச்சி மிச்சமிருந்தது. இறங்கினேன்.

"நெஸ்மாவையே கேட்டுடுவோம்," என்றேன். அவளிடம் முன்பே ரகசியமாகப் பேசிவைத்திருந்தேன். தனி அறை, கடல் தெரியும் ஜன்னல், சிவப்பு சைக்கிள். "சகுனம் பாக்கணும்னா..."

பழக்கத்தில் மூச்சு விட்டேன். வக்தி தன் வாசலில்தான் நின்றான். அவன் முடிக்கவில்லை. முதல் தடவையாக முடிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"...உன் புள்ள வாயைப் பாரு," என்று நானே முடித்தேன். நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை.

நெஸ்மா கேட்டாள்: "புது வீட்டுக்குப் பக்கத்துல யாரு இருக்காங்க, பாபா?"

"தெரியாதும்மா."

"கேக்கலையா?"

"சுவரைத் தட்டிப் பாத்தேன்."

நெஸ்மா தலையை ஆட்டினாள். "வீட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி..." என்றாள். நிறுத்தினாள். எங்கே மூச்சு விட வேண்டுமோ சரியாக அங்கே மூச்சு விட்டாள்.

வக்தி வாயைத் திறக்கவில்லை. தஹானி திறக்கவில்லை. லாரிக்காரன் வண்டியை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பாதியில் நிற்கும் பழமொழி தொண்டையில் நிற்கும் முள். வக்தி இத்தனை காலம் பட்ட பாடு எனக்கு அன்றுதான் புரிந்தது.

"...பக்கத்து வீட்டைப் பாரு," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அதற்காக அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

"இதை உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான் பாபா. எங்க மூச்சு விடணும்னு அம்மா சொல்லிக் குடுத்தாங்க."

முகத்தை மறைக்க ஓரிடம் வேண்டும். சமையலறைக்குள் போனேன். அங்கே ஒரு கரண்டிகூடக் கட்டப்படவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரிய பாத்திரத்தில், வயிறு முட்ட வெங்காயம் அடைத்த வாத்து வெந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே வந்தாள் இன்ஷிராஹ். "வாத்து வேக நேரமாகும்ல. அதான் காலையிலயே வெச்சுட்டேன். தட்டைத் திருப்பணுமே."

நான் வாசலுக்கு வந்தேன். நெஸ்மா பழைய வீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாள். தன் தலையணையை லாரியிலிருந்து இறக்கிவிட்டாள்.