ஒரு குமிழ் மெஷினும் ஊய்ங் நானாவும்

மாத்தளையில் நிலத்துக்கு மேலே இருக்கிற எதையுமே நம்பாத ஒரே மனிதர் ஊய்ங் நானாதான். பேப்பரில் வரும் செய்தி, நாவுல ஊருக்குப் பஸ் புறப்படும் நேரம், கல்யாணத் தரகர் காட்டும் போட்டோ எல்லாமே அவருக்குச் சந்தேகம். மண்ணுக்குள்ளே ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் துருப்பிடித்த ஆணியை மட்டும் கூடப்பிறந்த தம்பியைப்போல் நம்புவார். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். எவ்வளவு தூரம் சிரிக்க முடியும் என்று தெரியவில்லை.

அவர் ரேடியோ திருத்துகிறவர். என் போட்டோகொப்பிக் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இந்தக் காலத்தில் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் யார்? ஆகவே அவருக்கு நேரம் ஏராளம். அந்த நேரம் முழுவதையும் ஒரு பழைய மெட்டல் டிடெக்டருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். துடைப்பக்கட்டை நீளத்தில் ஒரு தடி, அதன் அடியில் தோசைக்கல் அகலத்தில் ஒரு தட்டு, பிடிக்குப் பக்கத்தில் திருக ஒரே ஒரு குமிழ். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் "ஊய்ங்ங்ங்" என்று அழும். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம்; ஊர் அந்தச் சத்தத்தையும் முன்னால் சேர்த்து அவருக்குப் பேராக வைத்துவிட்டது. சொந்தப் பேர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.

யாராவது பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுக்க நீட்டும் நேரம் பார்த்துத்தான் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை தொடங்கும். நான் கோடு போடும் அடிமட்டத்தால் பலகையில் ஓங்கித் தட்டுவேன்.

"நானா!"

"ஒரே ஒரு சத்தம் தங்கச்சி!"

ஒரு நாளும் அது ஒரு சத்தத்தோடு நின்றதில்லை. கடைசியில் "கெடச்சிச்சி!" என்று ஒரு கூச்சல் வரும். லொத்தரில் முதல் பரிசு விழுந்தவன்கூட அப்படிக் கத்தமாட்டான். எட்டிப் பார்த்தால், பீங்கான் பேசினில் மண்ணை நிரப்பி, அதற்குள் தானே புதைத்த பழைய செப்புச் சதத்தைத் தானே கண்டுபிடித்திருப்பார்.

"நீங்க புதைச்சதுதானே நானா?"

"புதைச்சது நான். ஆனா மெஷினுக்கு அது தெரியாதே!"

பழைய காசு என்றால் அவருக்கு உயிர். பல்லேபொலப் பக்கம் யாராவது வீட்டுத்தோட்டத்தில் மிளகுக் கன்று நடக் குழி வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், மெஷினோடு முதல் பஸ்ஸில் போய்விடுவார். நம் நாட்டில் இந்த மாதிரி மெஷினோடு நின்றால் புதையல் தோண்டுகிறவன் என்று பொலிஸ் பிடிக்கும். அதனால் அனுமதிக் கடிதத்தை என்னிடம் லெமினேட் பண்ணி, தாயத்து மாதிரி கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பழங்கோயில், பாழடைந்த கல்தூண் இருக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். ஒருமுறை பொலிஸ்காரர்களே தங்கள் விலங்குச் சாவியைப் புல்லுக்குள் தொலைத்துவிட்டு இவரைக் கூப்பிட்டார்கள். அது கிடைக்கும்வரை விலங்கு மாட்டிய ஆள் மரத்தடியில் பொறுமையாக உட்கார்ந்திருந்தானாம். கிடைத்ததும் நானாவோடு சேர்ந்து அவனும் கத்தினானாம்.

எந்த டிடெக்டர் வாங்குவது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நானாவின் பதில் எப்போதும் ஒன்றுதான். "ஒரு குமிழ் ஈக்கிறத வாங்குங்க. ரெண்டு குமிழ் ஈந்தா தகராறு. படம் காட்டுற மெஷின்னா உங்களுக்குக் காது எதுக்கு?"

நாவுலயில் ஒரு மிளகாய்த் தோட்டக்காரர் இதைக் கேட்கவில்லை. கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய மெஷினில் திரை இருந்தது, திரையில் நம்பர் ஓடியது. நம்பர் தங்கம் என்றது. காய்த்துக் குலுங்கிய பாத்தியை ஒரே பகலில் கிளறிப் போட்டார். கிடைத்தது சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள். மெஷினைத் தூக்கிக்கொண்டு நானாவோடு சண்டைக்கு வந்தார்.

"இந்தப் பொய்க்கார மெஷின ஒடச்சிப் போடுங்க!"

"அது பொய் செல்லல்ல. சின்னத் தங்கத்துக்கும் அந்தத் தாளுக்கும் அதுக்கு ஒரே நம்பர். தங்கம்னு நெனச்சது நீங்க" என்றார் நானா.

வருஷா வருஷம் அம்மன் கோயில் தேர் போன மறுநாள் காலையில் கோயில்காரர்களே அவரை அழைப்பார்கள். சனம் நெருக்கியடித்த இடங்களில் மெஷினை ஆட்டிக்கொண்டே போவார். மெட்டி, தோட்டுத் திருகு, கொலுசு எல்லாம் கிடைக்கும். அவற்றை ஒரு தட்டில் போட்டுக் கடை வாசலில் வைத்துவிடுவார். தொலைத்தவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். போன தேருக்கு அப்படித் தேடி வந்தவள்தான் லெச்சுமி. இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். ஏழு வயது மகள் அபியின் ஒற்றைக் கொலுசு தட்டில் இருந்தது. அபி நானாவிடம், "மாமா, உங்க மெஷின் என் காலைப் பார்த்தாலும் கத்துமா?" என்று கேட்டாள். நானா மெஷினின் அடித்தட்டை அவள் காலுக்கு நேரே பிடித்தார். ஊய்ங். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் நானும் அடிமட்டத்தைக் கீழே வைத்துவிட்டேன். இனிமேல் தொலையக்கூடாது என்று லெச்சுமி அங்கேயே கொலுசின் கொக்கியைச் சிவப்பு நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அந்த வருஷக் கடைசி மழையில் மலை இறங்கியது. விடிகிற நேரம். லெச்சுமி வெளியில் விறகு எடுக்கப் போயிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது லயம் இல்லை. ஒரு வரிசை வீடுகள் இருந்த இடத்தில் சிவப்புச் சேறு மட்டும். ராணுவம் வந்தது, மண் அள்ளும் பெக்கோ வந்தது. லெச்சுமியின் புருஷனைப் பிணமாக எடுத்தார்கள். இன்னும் பலரை எடுத்தார்கள். அபியை எடுக்க முடியவில்லை. மண் மறுபடியும் நகர்கிறது, இனித் தோண்டுவது ஆபத்து என்று வேலையை நிறுத்தப் போவதாகப் பேச்சு வந்தது.

அன்றைக்குத்தான் லெச்சுமி கடைக்கு வந்தாள். கால் முழுக்கச் சேறு காய்ந்திருந்தது. அவள் அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"நானா, உங்க மிஷினுக்கு அந்தக் கொலுசத் தெரியுமில்லீங்களா? புள்ளைய எடுத்துக் குடுத்துருங்க. நான் ஒழுங்கா அடக்கம் பண்ணணும்."

நானா மெஷினை எடுத்துப் பற்றரியை மாற்றத் தொடங்கினார். விஷயம் கேள்விப்பட்டு, நகைக்கடை முதலாளி ஒருவர் தன்னுடைய திரை மெஷினைக் கொடுத்தனுப்பினார். அதில் இரும்பை வேண்டாம் என்று சொல்லிவைத்தால் இரும்புக்குக் கத்தாது, வெள்ளிக்கு மட்டும்தான் கத்தும். லயத்துக் கூரைத் தகரமும் ஆணியும் நொறுங்கிக் கிடக்கும் சேற்றில் அதுதான் புத்தியுள்ள வழி என்று எனக்கே பட்டது.

"அதக் கொண்டுபோங்க நானா. உங்க மெஷின் ஒவ்வொரு ஆணிக்கும் அழுமே!"

நானா முதல் தடவையாக என்னைக் கோபமாகப் பார்த்தார். "அழட்டும். அந்த லயத்துல வெள்ளி யார்ட்ட ஈக்குது தங்கச்சி? அந்தப் புள்ளட காலுல மட்டும்தான். மத்தவங்களுக்கெல்லாம் இரும்புதான் ஈந்திச்சி. இரும்பு வேணாம்னு செல்லுற மெஷினோட நான் எப்புடி அங்க போற?"

கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன்.

ஊய்ங் நானா அந்தச் சரிவில் வேலை செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கிராம சேவகர் ராணுவத்தாரிடம் பேசி, ஓரமாகத் தேட மட்டும் அனுமதி வாங்கிக் கொடுத்தார். மெஷின் ஓயாமல் அழுதது. அழுத இடமெல்லாம் நானா தோண்டினார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. சாப்பாட்டுக் கேரியர். சைக்கிள் மணி. காமாட்சி விளக்கு. ஒரு வீட்டுச் சாவி, திறக்க வீடு இல்லை. எல்லாவற்றையும் கழுவி, கொழுந்துச் சாக்கு விரித்து வரிசையாக வைத்தார். வெள்ளைக்காரன் காலத்துச் செப்புக் காசு ஒன்றும் கிடைத்தது. வேறு நாளாக இருந்தால் மாத்தளை டவுனே அதிர்ந்திருக்கும். அதையும் சாக்கில் போட்டுவிட்டு அடுத்த அடி வைத்தார். தப்பிய சனங்கள் சாக்கைச் சுற்றி நின்றார்கள். ஒரு ஆள் அந்தச் சைக்கிள் மணியை எடுத்து ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, அங்கேயே குந்தி அழுதான்.

மத்தியானத்துக்குப் பிறகு, அடியோடு சாய்ந்த பலாமரத்துப் பக்கம் சத்தம் மாறியது. ஆணிக்கு அது கரகரத்து அழும். இது சுத்தமாக, உருண்டையாக வந்தது. எனக்கே வித்தியாசம் தெரிந்தது. நானா மண்டியிட்டுக் கையாலேயே மண்ணை வழித்தார்; வெள்ளி மினுங்கியது. பிறகு அந்த மனிதர் இத்தனை வருஷமும் கத்தின அதே குரலில், அதே சந்தோஷத்தில், மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"கெடச்சிச்சி!"

கத்தி முடித்த பிறகுதான் சேற்றுக்குள் சிவப்பு நூலைப் பார்த்தார். நூலுக்குள்ளே சின்னக் கால் இருந்தது. பின்னால் லெச்சுமி நின்றுகொண்டிருந்தாள். நானாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோய், கலைய நேரமெடுத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அபியை அன்று மாலையே அடக்கம் பண்ணினோம். நானா மயானத்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

அதற்குப் பிறகு பலகைச் சுவர் பேசவில்லை. மெஷினை உடுத்தும் சாரம் ஒன்றில் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார். டிடெக்டர் வாங்க யோசனை கேட்டு வந்தவர்களிடம் "வாங்காதீங்க" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் என் தோட்டைக் கழற்றி, பின்பக்கம் வாழைமரத்தடியில் மண்ணைக் கிளறிப் போட்டுவிட்டு, "நானா, என் தோட்டைக் காணல! மெஷின எடுத்துட்டு வாங்க!" என்று கூப்பாடு போட்டேன். நானா அரிதட்டோடு வந்தார். மண்ணைச் சலித்து, தோட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"விழுந்தது இல்ல தங்கச்சி, வச்சது" என்றார். "நான் அன்னைக்கு புள்ளயத் தேடுற ஒரு உம்மாக்கு முன்னுக்கு சந்தோஷப்பட்டுட்டேன். இனி எந்தக் காதால அதக் கேக்குற?"

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு லெச்சுமி டவுனுக்கு வந்தாள். இழப்பீட்டுக்குக் கொடுக்க அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வேண்டும் என்றாள். அவள் குரல் கேட்டதும் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். நானா கடையின் பின்னறைக்குப் போய் ஒளிந்துகொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

லெச்சுமி பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மடியிலிருந்து சிவப்பு நூலோடு கொலுசை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தே பேசினாள்.

"நானா, கேக்குதுங்களா? அங்க எல்லாரும் பிரேதம் கெடைச்சிருச்சா, பிரேதம் கெடைச்சிருச்சான்னுதான் கேட்டாங்க. நீங்க ஒருத்தருதான் காணாமப்போன புள்ள கெடைச்ச மாதிரி சத்தம் போட்டீங்க. எனக்கு அது போதுங்க. அன்னைக்கி வேற யாரு எம்புள்ளைக்காகச் சந்தோஷப்பட்டாங்க?"

பிறகு கொலுசை மடியில் முடிந்துகொண்டு இரத்தோட்டை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

நான் கடையடைக்கக் கதவுப் பலகையை எடுத்தபோது அலுமாரியிலிருந்து எதையோ இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பற்றரி மூடி. பிறகு, மிகவும் மெல்லமாக, ஊய்ங். கை பழக்கத்தில் அடிமட்டத்தை எடுத்துவிட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் அழுத குரல் சொன்னது:

"ஒரே ஒரு சத்தம் தங்கச்சி."

"ஒண்ணு போதாது நானா," என்றேன், "இன்னும் போடுங்க."