அட்வான்ஸ் மொட்டை

ஒரு வேலைக்கு இன்டர்வியூ போய் முதல் தடவை கிடைக்காமல் திரும்பினால் ஊர் பாவப்படும். இரண்டாம் தடவை ஆறுதல் சொல்லும். மூன்றாம் தடவைக்குப் பிறகு ஆளாளுக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நான் நான்கு தடவை திரும்பியவன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி எங்கள் தெருவுக்கு நடந்து சேர்வதற்குள் ஏழெட்டு வழி கிடைத்துவிடும். (ஒருவர் ரயில்வேக்கு எழுதிப் போடச் சொன்னார். "அதுவும் ஓட்டுத சோலிதானல" என்றார்.)

நான் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தது விமானி வேலைக்கு. லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது. அதற்காகப் பசுவந்தனைப் பக்கம் இருந்த ஆறு ஏக்கர் கரிசலை அப்பா விற்றார். லைசென்ஸ் மட்டும் கையில் இருந்தால் கம்பெனிக்காரன் வீடு தேடி வந்து கூட்டிக்கொண்டு போவான் என்று அவரிடம் சொன்னவன் நான்தான். லைசென்ஸ் வந்த அன்றே தெருவில் எனக்குப் 'பைலட்டு' என்று பெயர் விழுந்தது. முதல் வருஷம் அதில் ஒரு மரியாதை இருந்தது. இரண்டாம் வருஷம் நான் பழைய ஸ்கூட்டரில் வத்தல் மூட்டையை வைத்துக்கொண்டு போகையில், "பைலட்டு, பாத்து இறக்கும்" என்றார்கள்.

வத்தல் மூட்டை எப்படி வந்தது என்றால், அப்பாவுக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. விளாத்திகுளம் பக்கம் மிளகாய் பயிரிடும் சம்சாரிகளுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. நான் வேலை கிடைக்கும் வரை சும்மா ஒத்தாசைக்கு என்று கடைக்குப் போக ஆரம்பித்து, அந்தச் 'சும்மா' இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

முதல் இன்டர்வியூவில் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நான் அப்பாவில் தொடங்கி, அம்மா, அக்கா, கடை என்று வந்து, என்னை அடைவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்ததில் சிமுலேட்டரில் உட்காரவைத்தார்கள். கை வியர்த்து வழிந்ததில், ஓடுபாதை இருந்த திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையிலும் போனேன். மூன்றாவது, குழுவாகப் பேச வேண்டிய இன்டர்வியூ. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. (எல்லோரையும் கூர்ந்து கவனித்தேன் என்று வீட்டில் சொன்னேன்.) நான்காவதில் ஏன் தள்ளினார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதுதான் ரொம்ப வலித்தது.

நான்காவதுக்குப் பிறகு அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "இன்னும் ஒரு தடவ போ. அஞ்சாவதும் கெடைக்கலைன்னா பேசாம கடைக்கு வந்திரு. எனக்கும் முழங்கால் வலிக்கு." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

அம்மாவுக்குக் குலசாமிமேல் வருத்தம். "நாலு தடவையும் வேல கெடச்சா மொட்ட போடுதோம்னு வேண்டுனேன். அவரு காதுல விழவே இல்லையே" என்றாள்.

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து வியாபாரியாக யோசித்தார். "கெடச்சா போடுதோம், கெடச்சா போடுதோம்னா எவன் நம்புவான்? அட்வான்ஸ் குடுக்காம எந்த லாரிக்காரன் வண்டிய எடுக்கான்? சாமிக்கு மட்டும் என்ன தலையெழுத்தா? மொட்டைய முன்னாடியே போட்டிருவோம். பொறவு அவருக்கே ஒரு இது இருக்கும்லா."

காற்று இறக்கையை எப்படித் தூக்குகிறது என்று படித்துப் பரீட்சை எழுதித் தேறியவன் நான். எனக்கும் அந்த வாதத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

எங்கள் குலசாமி எப்போதும்வென்றான் என்கிற ஊரைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் இருக்கிறார். வெள்ளிக்கிழமை போனோம். தலைமுடி, அதோடு மீசையும் போயிற்று. அட்வான்ஸ் கனமாக இருக்கட்டும் என்று அப்பாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மொட்டை போட்டுக்கொண்டார். இரண்டு தலையிலும் சந்தனம் பூசிவிட்டு அம்மா நிம்மதியாகச் சிரித்தாள்.

இன்டர்வியூ டெல்லியை ஒட்டி, குருகிராமில். செவ்வாய்க்கிழமை. "இந்தத் தடவ நானும் வாரேன். நீ போற எடத்துல வாயத் தொறக்க மாட்டேங்கே" என்று அப்பாவும் கிளம்பிவிட்டார். இரண்டு நாள் ரயில். (விமானம் ஓட்டப் போகிறவன் ரயிலில் போகிறானே என்று எதிர் சீட்டுக்காரர் கேட்டார். அப்பா அவருக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்து வாயை அடைத்தார்.) அங்கே மார்கழிக் குளிர். முடி என்பது எதற்காக மனிதனுக்கு முளைக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. ஸ்டேஷன் வாசலிலேயே ஆளுக்கொரு குரங்குக் குல்லா வாங்கினோம்.

கம்பெனி வாசலில் காவலாளி என் அழைப்புக் கடிதத்தில் இருந்த போட்டோவைப் பார்த்தார். சுருட்டை முடியும் மீசையுமாக ஒருவன் இருந்தான். குல்லாவைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். போட்டோவின் முடியைப் பெருவிரலால் மறைத்து ஒப்பிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, முகம் இளகி, தோளைத் தட்டி உள்ளே விட்டார். வரவேற்பில் இருந்த பெண் கேட்காமலே டீ கொடுத்தாள். மற்ற பையன்களுக்குக் கொடுக்கவில்லை. அட்வான்ஸ் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவை அங்கே சோபாவில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன்.

மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண் கேப்டன். என் தலையைப் பார்த்ததும் கையிலிருந்த ஃபைலை மூடி வைத்தார். மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார்: "அப்பாவா?"

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பயிற்சிப் பள்ளியில் என்னோடு படித்த வடக்கத்திப் பையன் ஒருவன் இப்படித்தான் ஒருநாள் மொட்டையோடு வந்தான். அவன் அப்பா இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்தில் இளவட்டம் ஒருவன் புது மொட்டையோடு வந்து நின்றால் வீட்டில் துக்கம் என்றுதான் முதலில் நினைப்பார்கள். காவலாளி தட்டியதும் அதற்குத்தான், டீயும் அதற்குத்தான்.

இல்லை மேடம், இது குலசாமிக்கு அட்வான்ஸ் என்று சொல்லியிருக்க வேண்டும். குலசாமிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று நான் தேடிக்கொண்டிருக்கையில் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார். "எப்போது?"

"வெள்ளிக்கிழமை" என்றேன். (மொட்டை வெள்ளிக்கிழமைதானே.)

"இந்த நேரத்திலும் வந்திருக்கிறீர்களே."

"அப்பாவின் ஆசை மேடம்."

அந்த அறையில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் என் அப்பா செத்துப்போனார். நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, வாயை மூடிக்கொண்டு அவரைச் சாக விட்டேன்.

அதன் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது. கேள்விகளைத் தணிந்த குரலில் கேட்டார்கள். யோசிக்க நேரம் கொடுத்தார்கள். ஒரு இன்ஜின் நின்றால் என்ன செய்வாய், பக்கக்காற்றில் எப்படி இறக்குவாய் என்று கேட்டதற்கெல்லாம் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பதில் வந்தது. கடைசியில் அந்தம்மா, "உங்கள் அப்பா பெருமைப்பட்டிருப்பார்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது குற்ற உணர்ச்சி. அவர்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் கிளாஸை நகர்த்தி வைத்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். மரியாதைக்காக அந்தம்மா என்னோடு வரவேற்பு வரை நடந்து வந்தார்.

சோபாவில் குரங்குக் குல்லாவும் வேட்டியுமாக அப்பா இருந்தார். பெரிய மனுஷி ஒருத்தி வருவதைப் பார்த்து எழுந்து, மரியாதையாகக் குல்லாவைக் கழற்றினார். அங்கேயும் ஒரு மொட்டை. காதோரத்தில் காய்ந்த சந்தனம்.

"என்னல, நல்லா பேசுனியா?" என்றவர், அந்தம்மா பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "ஐ ஃபாதர், மேடம். ஹிஸ் ஃபாதர்." ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தையும் நீட்டினார்.

சித்தப்பா என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை. அவரே வாயால் சொல்லிவிட்டார். அந்தம்மா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அப்பாவுக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அந்தம்மா ஏன் ஒன்னும் சொல்லாம போவுது?" என்று அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். ரயில் போபால் தாண்டியதும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அல்லது இனி பேசவே மாட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த ஸ்டேஷன் வந்ததும் கேட்டார். "நான் என்னைக்குப் போனேன்னு சொன்ன?"

"வெள்ளிக்கெழமை."

"அப்ப பதினாறாம் நாள் காரியம்கூட முடியலையேல. அதுக்குள்ள வேல கேட்டு வந்து நிக்கியே, அந்தம்மா நம்ம குடும்பத்தப் பத்தி என்ன நெனைச்சிருக்கும்?"

பிறகு அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "நாலு தடவ நான் உசுரோட இருந்து ஒன்னும் நடக்கல. செத்தாவது ஒனக்குக் கெடச்சிருக்கலாம்." மீசை முளைத்த பிறகு நான் அவர் முன்னால் அழுதது அன்றுதான். (அப்போது மீசை இல்லை, அது வேறு விஷயம்.)

எதிர்பார்த்த பதில்தான் வந்தது. சொன்ன சொல்படி கடைக்குப் போனேன். முடி முளைத்தது. ஏழெட்டு மாதம் வத்தல் காரத்தில் தும்மிக்கொண்டே நாள் போயிற்று. ஒருநாள் அப்பா போனைக் கொண்டுவந்து நீட்டினார். "அந்தக் கம்பெனிக்காரன் திரும்ப ஆள் எடுக்கானாம்ல. போடு."

"அஞ்சு தடவைக்கு மேல கெடையாதுன்னு சொன்னியளே."

"அந்த அஞ்சாவது செல்லாது. நான்தான் அப்ப உசுரோட இல்லையே. செத்தவன் பேச்சு எப்படிலே எடுபடும்?"

போட்டேன். அதே கட்டடம், அதே அறை, நடுவில் அதே அம்மா. இந்தத் தடவை எனக்கு முடியும் மீசையும் இருந்தன. ஆனாலும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. "அப்பா எப்படி இருக்கிறார்?" என்றார்.

ஒன்று விடாமல் சொன்னேன். வேண்டுதல், லாரிக்காரன், அட்வான்ஸ், பயத்தில் வாயை மூடிக்கொண்டது, ரயிலில் அப்பா சொன்னது எல்லாம். ஓரத்தில் இருந்தவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அந்தம்மா சிரிக்கவில்லை. நாற்பது நிமிஷம் கேள்வியாகக் கேட்டுத் தீர்த்தார். தண்ணீர்கூடத் தரவில்லை. இரண்டு வாரத்தில் வேலைக்கான கடிதம் வந்தது.

அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். வீட்டு விவரம் எழுதும் தாள் வந்ததும், "ஏலே, அதுல என்னை உசுரோடதான போட்டிருக்க?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அம்மா அவர் வாயிலேயே ஒன்று போட்டாள். குலசாமிக்குப் பாக்கி ஏதுமில்லாததால் நேரே இனிப்புக்குப் போனோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் தும்மினாலும், காய்ச்சலில் படுத்தாலும், எந்த வேலைக்கு இன்டர்வியூ என்றுதான் மற்றவர்கள் கேட்பார்கள். அக்கா பிள்ளைகள்கூட இப்போது கேட்கிறார்கள்.

போன வருஷம் அப்பாவுக்கு மதுரையில் இதய ஆபரேஷன் நடந்தது. நான் டூட்டியை மாற்றிக்கொண்டு ஓடிவந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடந்தேன். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் உள்ளே விட்டார்கள். அப்பா கண்ணைத் திறந்து, கட்டிலருகே நின்ற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏலே" என்றார், சத்தமே வராமல். "இப்ப எந்த வேலைக்குல எழுதிப் போட்டிருக்க?"

மருந்து மயக்கத்தில் உளறுகிறாரா என்று அம்மாவிடம் நர்ஸ் கேட்டாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்லம்மா, அவிய நல்லாத் தெளிஞ்சிட்டாவ" என்றாள்.