குளியலறையில் குடியேறிய பவளம்

டெலானிபூர், போர்ட் பிளேயர்
ஞாயிறு மாலை

பெருமதிப்புக்குரிய பாலகுமார் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வைஜெயந்தியைக் கட்டிக்கொண்ட பாக்கியசாலி முருகானந்தம் வணங்கி எழுதுவது. இங்கே உங்கள் தங்கை எப்போதும் போல் சுகம். நான் இன்று காலை முதல்தான் சுகம். அருப்புக்கோட்டையில் தாங்களும் விஜயகுமாரி அக்காவும் அலுப்பில்லாமல் போய்ச் சேர்ந்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். பாதியில் சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை கார்பின்ஸ் கோவ் கடற்கரையில், இடுப்பளவு நீரில், பட்டாபட்டி டிராயரோடு நின்று, ஒரு கல்லைப் பார்த்துக் கைகூப்பி, "போயிரும்மா, உன் புள்ளகுட்டிகளோட நல்லாயிரு, என் பென்ஷன்ல மட்டும் கைய வெச்சிராத" என்று கதறியவன் நான்தான். யாராவது படம் எடுத்து அது உங்கள் ஊர்வரை வந்திருந்தால், அது நானில்லை என்று எனக்காக வாதாடித் தோற்க வேண்டாம்.

நடந்தது இதுதான். நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் உங்கள் பெட்டிகளை எல்லாம் நான் கட்டிலில் கவிழ்த்துப் போட்டுச் சோதித்ததில் உங்களுக்கு மனத்தாங்கல் என்று வைஜெயந்தி சொன்னாள். மெயின்லேண்டில் விருந்தாளிக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்து அனுப்புவது போல, இங்கே பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் அனுப்புவோம் மச்சான். பவளத்துண்டு ஒன்று உள்ளே இருந்தால் போதும், விமான நிலைய எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்துவிடும். அப்புறம் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் அதற்கும். அக்கா வேறு கடற்கரையில் ஒவ்வொரு வெள்ளைத் துண்டாகப் பொறுக்கி "இது ஷோகேசுக்கு நல்லாருக்கும்ல தம்பி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார், நானும் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தேன். பெட்டியில் ஒன்றும் இல்லை. உங்களை விமானம் ஏற்றிவிட்டு நிம்மதியாக வந்து குளியலறைக்குள் போனால், பக்கெட்டுக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில், உடம்பெல்லாம் ஓட்டையாக, தேங்காய் மூடி பருமனுக்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது! ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு வேறு.

பெட்டிச் சோதனைக்குப் பயந்து அக்கா பவளத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார் என்றே முடிவு கட்டினேன். அந்த நிமிஷம் உங்கள் குடும்பத்தைப் பற்றி மனதுக்குள் சொன்னதையெல்லாம் எழுதினால் இந்தக் கவரைத் தபாலில் ஏற்றமாட்டார்கள். என் நிலைமையை யோசியுங்கள். வருகிற மார்ச்சில் எனக்கு ஓய்வு. அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பவளம் பிடிபட்டது என்று ஒரு கேஸ் விழுந்தால் பென்ஷன் அம்பேல். அதுவும் எனக்கு நேர் கீழ்வீட்டில் குடியிருப்பவர் யார்? வனத்துறையில், கடலுக்கென்றே உள்ள பிரிவில் வேலை பார்க்கும் கோவிந்தராஜ். தாத்தா காலத்தில் தீவுக்கு வந்த குடும்பம், தமிழும் இந்தியும் ஒரே மூச்சில் வரும், மாடிப்படியில் ஆள் சிக்கினால் பவளப்பாறைப் பாடம் நடத்தாமல் விடமாட்டார். "கல்லுன்னு சொல்லாதீங்க சார், ஜான்வர் ஹை, உயிரு! ஒரு துண்டுல ஆயிரம் வாயி. உள்ளாற பாசி குடியிருக்கும், வெயில்ல சமைச்சு வீட்டுக்காரனுக்குச் சோறு போடும், அதான் வாடகை. தண்ணி சூடாச்சுன்னா வீட்டுக்காரனே குடித்தனத்தை வெளிய தள்ளிருவான். அவ்ளோதான், அப்புறம் வெளுத்துப்போயி பட்டினிதான்" என்று அவர் சொன்னதையெல்லாம் அரிசி மூட்டையோடு நின்று கேட்டவன் நான்.

ஆக, ஆயிரம் வாய்கள் என் குளியலறையில் பட்டினி கிடக்கின்றன. செத்துவிட்டால் பாவம், இருந்தால் கேஸ். ஒரு வாளித் தண்ணீரில் கல்லுப்பை அள்ளிக் கரைத்து, அதை உள்ளே விட்டு, வெயிலுக்காக மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தேன். விட்ட உடனே அது ஜம்மென்று மேலே வந்து மிதந்தது. ஆகா, வெயில் காய வந்திருக்கிறது, நல்ல ஆரோக்கியம் என்று மகிழ்ந்துபோனேன் மச்சான். இருபத்தாறு வருஷமாகத் தீவில் இருக்கிறேன், கடலைக் கரையில் நின்றும் கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டும் பார்த்ததோடு சரி, இறங்கியதில்லை. மத்தியானம் போய்ப் பார்த்தால் மேல்பக்கம் வெளுத்திருக்கிறது, தண்ணீரில் விரல் வைத்தால் சுடுகிறது. குடித்தனத்தை வெளியே தள்ள ஆரம்பித்துவிட்டது! ஓடிப்போய் ஃபிரிட்ஜில் இருந்த ஐஸ் கட்டிகளை எல்லாம் கொண்டுவந்து கொட்டினேன்.

"என்னங்க, மோருக்கு வெச்ச ஐஸ் எங்க?"

"மாடியில ரொம்பச் சூடா இருந்துச்சு."

"மாடிக்கு ஐஸ் வெச்சீங்களா? அப்படியே தலையிலயும் கொஞ்சம் வெச்சிக்கிறதுதானே!"

குடை விரித்தால் பாசிக்குச் சமையல் கெடும், மடக்கினால் தண்ணீர் கொதிக்கும். விரிப்பதும் மடக்குவதுமாக மாடிக்கும் வீட்டுக்கும் ஓடினேன். பவளம் பொழுது சாய்ந்த பிறகுதான் கையை நீட்டி இரை பிடிக்கும் என்று கோவிந்தராஜ் சொன்னது நினைவு வர, கருவாட்டுப் பொடியைத் தூவிவிட்டு வந்தேன். நேற்றுக் காலையில் டெலானிபூர் பூனைகள் மொத்தமும் வாளியைச் சுற்றி மாநாடு போட்டிருந்தன. படியில் கோவிந்தராஜ் மூக்கை உறிஞ்சி, "ஊப்பர், மாடியில என்ன சார் வாசம்?" என்றார். "கருவாடு காயுது" என்றேன். சொன்ன பொய் எனக்கே நம்பும்படி இல்லை. இனி தாங்காது, வந்த இடத்துக்கே அனுப்பிவிட வேண்டியதுதான்.

இன்று விடிந்ததும் டிபன் கேரியரின் அடித்தட்டில் கல்லும் மேல்தட்டில் இட்லியுமாகக் கடற்கரைக்குப் போனேன். முதலை வரும் என்று பலகை வைத்திருந்தார்கள். முதலையா பென்ஷனா என்று பார்த்ததில் பென்ஷன்தான் பெரிதாகத் தெரிந்தது. இறங்கி, கண்ணை மூடி, வீசினேன். கண்ணைத் திறந்தால் வயிற்றில் வந்து முட்டுகிறது. மறுபடி வீசினேன், அலையோடு மறுபடி வந்தது, சோறு போட்ட வீட்டை விட்டுப் போகாத நாய் மாதிரி! அப்போதுதான் மேலே சொன்ன கதறல். கதறி முடிக்கவில்லை, பக்கத்தில் தண்ணீர் பிளந்து, கண்ணாடியும் மூச்சுக்குழாயுமாக ஒரு தலை எழுந்தது. முதலையாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். கோவிந்தராஜ்!

"அரே முருகானந்தம் சார்! என்னா, தர்ப்பணமா?"

அக்கா பெயரை மட்டும் மறைத்து, மற்றதையெல்லாம் ஒப்பித்துவிட்டேன். அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்த சிரிப்பில் அரைக் கடலைக் குடித்துவிட்டார்.

"கோரல் எங்கயாச்சும் மிதக்குமா சார்? அது குஞ்சா இருக்கும்போதுதான் நீந்தும். ஒருதடவை இடம் பாத்து உக்காந்துட்டா அவ்ளோதான், நமக்குக் குவார்ட்டர்ஸ் கெடைச்ச மாதிரி, எவன் சொன்னாலும் காலி பண்ணாது. இது ஜ்வாலாமுகி கல்லு. எரிமலை கக்குன நுரை. கேஸும் இல்ல, கீஸும் இல்ல, போய் இட்லி சாப்புடுங்க!"

மச்சான், பென்ஷன் ஆர்டரே கைக்கு வந்தது போல் இருந்தது. கரையேறி மணலில் விழுந்து, இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் பூசிக்கொண்டேன். "அதை ரொம்பப் பூசாதீங்க" என்றார் கோவிந்தராஜ். "கிளிமீனு பாறையக் கடிச்சுத் தின்னுட்டுப் பின்னால விடுறதுதான் இந்த மணல்ல பாதி." விடட்டுமே! அந்த நேரத்தில் அது எனக்கு விபூதி.

அதோடு முடியவில்லை. கல்லின் ஓரத்திலிருந்த இளஞ்சிவப்புத் திட்டைப் பார்த்ததும் கோவிந்தராஜ் முகம் மாறிவிட்டது. "ரோஸ் பாசி சார்! பாறையவே சிமிண்டு மாதிரி ஒட்டி வெக்கிறது. பவளக்குஞ்சு இதைத் தேடி வந்துதான் உக்காரும்" என்று பயபக்தியோடு துண்டில் சுற்றி எடுத்துப் போயிருக்கிறார். நாளைக்கு அவர் அலுவலகக் கண்ணாடி அலமாரியில் ஏறுகிறது, "எரிமலையிலிருந்து கடல் கடந்து வந்த கல், கண்டெடுத்தவர் திரு. முருகானந்தம்" என்று சீட்டோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டப் போகிறாராம். குற்றவாளியாகக் கடலில் இறங்கியவன் விஞ்ஞானியாகக் கரையேறினேன்.

அலை ஒதுக்கிய கல்லைத்தான் அக்கா ஆசைப்பட்டு எடுத்து வந்திருக்கிறார். அதில் ஒரு தப்பும் இல்லை. நான் மனதுக்குள் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன். அடுத்தமுறை வாருங்கள், பெட்டியைப் பாதிதான் கவிழ்ப்பேன். உங்கள் வீட்டில் எந்நாளும் மங்கலம் பெருகட்டும், அக்காவின் கால்வலி குறையட்டும். வைஜெயந்தி தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள், ஐஸ் விஷயத்தையும்.

என்றும் பணிவுள்ள
முருகானந்தம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது அக்காவிடமிருந்து போன். "தம்பி, குதிகால் தேய்க்கிற கல்லைப் பாத்ரூம்ல பக்கெட்டுக்குப் பின்னால மறந்து வெச்சிட்டு வந்துட்டேன். நம்மூர் பஸ் ஸ்டாண்டு கடையில வாங்குனது, அதை மாதிரி கல்லு கெடைக்காது, யார் வந்தாலும் கொடுத்து விடுங்க. அடையாளத்துக்கு ஓரத்துல ரோஸ் கலர் நெயில் பாலிஷ் தடவி வெச்சிருக்கேன்."