கூட்டாத வளவு

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் பிறந்த அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்துங்கள். சருகுக்காக ஊரோடு மல்லுக்கு நின்ற மனிதர் தண்டரா அண்ணன் ஒருவராகத்தான் இருப்பார்.

செட்டிபாளையத்தில் எங்கள் ஒழுங்கையில் விளக்குமாறுகள் எழும்பிய பிறகுதான் சூரியன் எழும்பும். வளவுக்கு வளவு சரக், சரக். வெள்ளை மணல் தெரியக் கூட்டி, ஈர்க்குக் கோடுகள் அலையலையாய் விழுந்து கிடக்க, மூலையில் சருகைக் குவித்து நெருப்பு வைத்தால்தான் அது மனிதர் வாழும் வீடு. அடுத்த வளவில் மட்டும் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. மாஞ்சருகும் முந்திரிகைச் சருகும் கணுக்கால் மூடக் கிடக்கும். அதன் நடுவே, வேலி வாயிலின் கடப்படியிலிருந்து வீட்டு வாசலுக்கும் வாசலிலிருந்து கிணற்றடிக்கும் பலகை போட்டு, ஆற்றுப் பாலத்தில் போகிறவர் மாதிரி சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார் அண்ணன்.

பல வருடம் நோர்வேயில் இருந்தவர். அதன் வடகோடியில், மரமே முளைக்காத, அடிமண் எப்போதும் உறைந்து கிடக்கிற ஒரு நிலம். பள்ளிக்கூடத்தில் தண்டரா என்று படித்தோமே, அதுதான். அங்கே கூடாரம் அடித்து மண்ணை ஆராய்கிறவர்களுக்குச் சோறாக்கப் போனார். போகும்போது சமையற்காரர். திரும்பி வரும்போது, மண்ணுக்குள் குடியிருக்கிற பூச்சிகளின் வக்கீல்.

"தம்பி, அங்க பாசிக்கு மேலால ஒரு வண்டி ஒருக்காப் போனாக் காணும். அந்தத் தடம் நீ கிழவனாகும் வரைக்கும் ஆறாது. பாசி நசிஞ்சா வெயில் உள்ள இறங்கும், ஐஸ் கரையும், தண்ணி தேங்கும். உள்ள இரிக்கிற சின்னச் சீவனெல்லாம் மூச்சடைச்சுச் சாகும்."

"அதுக்கு இஞ்ச என்னண்ணன்? இஞ்ச பனியா கிடக்கு?"

"அங்க வண்டி. இஞ்ச உன்ட மனிசிர விளக்குமாறு. ரெண்டும் ஒரு சாதி."

வேலிக்கு இந்தப் பக்கம் என் மனைவிக்குக் காது கூர்மை. "விளக்குமாறு வேற எதுக்கெல்லாம் உதவும் எண்டு அவருக்குக் காட்டவா?" என்றாள். அண்ணன் பலகையில் நடந்த வேகத்தை அன்றுதான் பார்த்தேன்.

அவர் வளவுக்குள் போவதென்றால் செருப்பைத் தட்டி, காலைக் கழுவ வேண்டும். சப்பாத்தில் ஒட்டிவந்த வெளியூர்ப் பூச்சிகள் நோர்வேயில் உள்ளூர்ப் பூச்சிகளின் வாயிலடித்ததைச் சொல்லுவார். "குடியேற்றம் எண்டா பூச்சிக்கும் நோகுந்தானே!" தபால்காரர் காலும் கழுவவில்லை, கதையும் கேட்கவில்லை. சைக்கிளிலிருந்தே கடிதத்தை எறிந்துவிட்டுப் பறந்தார்.

ஒருநாள் வாகரையிலிருந்து அவருடைய மச்சாள் வந்தாள். எங்கள் பக்கத்தில் சருகு மூடிய வளவைக் கண்டால் மனம் சாவைத்தான் நினைக்கும். கடப்படியிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "பனிக்குள்ள உழைச்ச ராசா, பாய் போட ஆளில்லாமப் போனியே..." குரல் வாவியின் அக்கரைக்குக் கேட்டிருக்கும். யாரென்று விசாரிக்காமலே இரண்டு பெண்கள் ஓடிவந்து கூடச் சேர்ந்து அழுதார்கள். பல் துலக்கியபடி வெளியே வந்த அண்ணன், கொஞ்ச நேரம் பக்தியோடு கேட்டுவிட்டு, "ஆருகா செத்தது?" என்றார்.

மச்சாள் நிமிர்ந்து பார்த்தாள். ராகத்தைக்கூட மாற்றவில்லை. "செத்தவன் மாதிரி வளவ வச்சிரிக்கிற நீதாண்டா...!"

"சரி, மறுகா ஏசு. முதல்ல பலகைக்கு ஏறுகா!"

இதெல்லாம் சிரித்துக் கடந்த கதைகள். சிரிக்க முடியாமல் போனது என் மகளின் கலியாணத்தில். எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம்: கலியாண வீட்டுக்காக அயல் வளவின் வேலியைப் பிரித்துவிடுவார்கள். இரண்டு வளவும் ஒன்றாகும். பந்தல் இந்தப் பக்கம், அடுப்பு அந்தப் பக்கம். கேட்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். மறுத்தவர் யாருமில்லை, மறுத்தால் அதற்குப் பிறகு அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் படியேற மாட்டார்கள்.

கேட்டேன். அண்ணனின் முகம் வாடியது. "என்ட வீட்டை எடு. கட்டில எடு. கிணத்தை இறைச்சு முடி. மண்ணை மட்டும் கேளாத தம்பி. நான் வந்த நாள் தொட்டு விழுந்த சருகு. இப்பதான் மணல் கறுத்து மண்ணாகுது. ஒரு அடுப்பு மூட்டினா எல்லாம் வெந்துபோகும்."

"மகள்ர கலியாணத்தைவிடப் பூச்சி பெரிசா?" என்றாள் என் மனைவி.

"பெரிசில்ல புள்ள. சின்னன். அதாலதான் ஒருத்தரும் அதுக்காகப் பேசுறதில்ல."

கலியாணத்துக்கு முதல்நாள் காலை, தலைமைச் சமையற்காரர் கிடாரங்களோடும் ஆட்களோடும் வந்தார். ஆட்களின் கையில் மண்வாரி. கடப்படியில் ஒரு கதிரை, கதிரையில் அண்ணன், அண்ணனின் மேல், துருவத்துக்குப் போட்டுப்போன மயிர்த்தொப்பிக் கோட்டு, கழுத்துவரை இழுத்துப் பூட்டியபடி. வெயில் தகரத்தை உருக்குகிற வெயில்.

"என்ன அண்ணன் கோலம் இது?"

"போராட்டம். பனி என்னை ஒண்டும் செய்யல்ல. உங்கட வெயில் என்ன செய்யுது எண்டு பாப்பம்."

சமையற்காரர் ஒரு பிடி சருகை அள்ளி உற்றுப் பார்த்தார். "இதுக்குள்ள ஒண்டையும் காணல்லயே!"

"கண்ணுக்குத் தெரியாட்டியும் இரிக்கு. கிட்டப் போனா வயித்துக்குக் கீழ மடிச்சு வச்ச கம்பியால எம்பித் துள்ளும். நீ காணல்ல எண்டதுக்காக அதுர வீடு உன்ட அடுப்படியாகுமா?"

ஒழுங்கையே கூடிவிட்டது. விசர் என்றார்கள். நாளைக்கு இவன் செத்தால் தூக்க ஆள் வராது என்றார்கள். "வராட்டி நல்லம். இஞ்சயே போடுங்க. தின்ன ஆக்கள் இரிக்காங்க," என்றார். கோட்டின் கையிலிருந்து வியர்வை குழாய்த் தண்ணீராய்ச் சொட்டியது. மனிதர் ஆடினார்; எழும்பவில்லை. கலியாணத்தில் ஒரு சாவு விழுந்துவிடுமோ என்று பயந்தேன்.

என் மனைவி இளநீரோடு போனாள். ஊற்றப்போகிறாளா, கொடுக்கப்போகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. கொடுத்தாள். "வீட்டை எடு எண்டு சொன்னீங்க. நெசமா?"

"நெசம்."

"அப்ப விறாந்தையும் மண்டபமும் எனக்கு வேணும்."

நோர்வேயில் உழைத்த உழைப்பெல்லாம் அந்த மண்டபத்தில் பளபளவென்று பதித்த மாபிளாய்க் கிடந்தது. அதன்மேல் கல் அடுக்கி அடுப்பு மூட்டினார்கள். சாம்பார்க் கிடாரத்தின் கீழ் மாபிள் படார் படாரென்று வெடிக்க, ஒவ்வொரு வெடிக்கும் அண்ணன் கைதட்டினார். "வெடிக்கட்டும்! இதைக் கடையில வாங்கலாம்!" வெள்ளைச் சுவர் கரிப்பானை அடிபோல ஆகிவிட்டது. மண்வாரி பிடித்துவந்த பொடியன்மார் சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு பலகைகளில் வரிசையாய் வந்தார்கள். சருகில் ஒரு கால் படவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "கலியாண நாளில கூடவா அயல் வளவைக் கூட்ட ஆளில்ல?"

பெண்ணைப் பெற்றவள், சம்பந்தியிடம், கொஞ்சமும் குரல் தாழ்த்தாமல் சொன்னாள்: "அந்த வளவு அப்படித்தான். கிட்டப் பாக்க விருப்பமெண்டா காலைக் கழுவிட்டுப் பலகையால வாங்க."

போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சுநோவு வந்து, நோர்வேயிலேயே தங்கிவிட்ட அவருடைய மகள் வந்து அங்கேயே அழைத்துப் போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. நேற்றுக் காலை என் மனைவி எங்கள் வளவைக் கூட்டிக்கொண்டு போனவள், வேலியோரம் ஒரு பாய் அகலத்தைத் தொடாமல் திரும்பினாள். ஏன் என்று கேட்டேன்.

"அங்கால வளவு நிறைஞ்சிட்டு," என்றாள். "மிச்சப் பூச்சியெல்லாம் எங்க போறது?"